சின்ன ராஜ்யத்துச் சௌகரியங்கள்

மருதங்கோட்டை
14-7-1946

சௌபாக்கியவதி பூவாத்தாளுக்கு உன் புருஷன் சென்னியப்பன் எழுதுவது.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை என்றாலும் சுகமாகத்தான் வந்து சேர்ந்தேன். கூட வந்த நம் தறியாள் காளியண்ணனும் சௌக்கியம். நாமக்கல் தாண்டியதும் பஸ்ஸில் வாந்தி எடுத்தான், திருச்சியில் மறுபடியும் எடுத்தான், இப்போது இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறான். நான்கு தறிச் சாமான்களும் லாரியில் பழுதில்லாமல் வந்தன. அச்சுக்களை உன் பழைய சேலையில் சுற்றிக் கட்டியிருந்தாய். கோபத்திலும் அதைச் செய்தாயே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஊரைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது, நீ சிரித்தாலும் சரி. மருதங்கோட்டை சமஸ்தானம் எவ்வளவு பெரியது தெரியுமா? காலையில் சைக்கிளில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த எல்லைக்குப் போய்விடலாம். அவ்வளவுதான் ராஜ்யம். அதுதான் இதன் அருமையே. வருமான வரி கிடையாது. விற்பனை வரி கிடையாது. நம் ஊரில் நூல் கண்ட்ரோல் வந்த நாளிலிருந்து கார்டைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் பழியாய்க் கிடக்கிறோம், பாதித் தறி தூங்குகிறது. இங்கே சமஸ்தானத்துக்கென்று தனியாக நூல் ஒதுக்கீடு வருகிறது, நெய்வதற்குத்தான் ஆள் இல்லை! வந்த நூல் மூட்டை மூட்டையாய்க் கிடங்கில் கிடக்கிறது.

சேலம் கலெக்டர் கச்சேரியில் சேவகனைப் பார்க்கவே ஒரு சேவகனைப் பிடிக்க வேண்டும். இங்கே திங்கட்கிழமை திவானைப் பார்த்தேன், நானேதான், நேருக்கு நேர். "சேலத்து நெசவா? பேஷ், எவ்வளவு இடம் வேண்டும்?" என்றார். புதன்கிழமை குளத்துக்கு மேற்கே சங்கிலி பிடித்து அளந்துவிட்டார்கள். எந்தக் காரியமானாலும் ஒரே வாசல். பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி ஒருவர் பேரைச் சொன்னால் போதும், கேட்டவனைக் கையோடு அழைத்துக்கொண்டு போய் அவர் வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

ஆவணி பிறந்ததும் நீயும் வந்துவிடு. அங்கே இருக்கும் தறிகளை உன் சித்தப்பா மகன் மணியன் பார்த்துக்கொள்வான். இங்கே ஒன்றுதான் குறை, வெற்றிலை. வாயில் போட்டால் வைக்கோல்போல் இருக்கிறது. வரும்போது வேலூர் வெற்றிலை ஒரு கவுளி கொண்டு வா.

உன்
சென்னியப்பன்

*

இளம்பிள்ளை
2-8-1946

மாமா அவர்களுக்குப் பூவாத்தாள் வணக்கம் சொல்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. இங்கேயும் எல்லோரும் நலம். மழை இல்லை. நூலும் இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுத்து அழகாக இருந்தது. பெங்களூரில் ஜரிகை வியாபாரம் செய்யப் போனீர்களே, அங்கிருந்தும் இப்படித்தான் அழகாக எழுதினீர்கள். ஈரோட்டில் சாயப்பட்டறை வைத்தபோதும் எழுதினீர்கள். கோலாரில் சாப்பாட்டுக் கடை வைத்தபோது, அந்த ஊர் ஜனங்கள் எப்போதும் பசியோடே இருப்பதாக எழுதியது இன்னும் பெட்டியில் இருக்கிறது. நேற்றுப் பக்கத்து வீட்டு ராசம்மாள் வந்து, "ஏனுங்க்கா, மாமன் இந்தத் தடவை எந்த ஊருக்குப் போயிருக்காருங்க?" என்று கேட்டாள். அவள் வெகுளியாகத்தான் கேட்டாள். அந்த 'இந்தத் தடவை' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் ஆவணியில் வரப்போவதில்லை. பிள்ளை இருந்தால் பிள்ளையைக் காரணம் சொல்லியிருப்பேன். அதையும் சாமி கொடுக்கவில்லை. எனக்கு இந்தத் தறிகள்தான் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு உங்கள் பின்னாலேயே வந்து, மூட்டையைப் பிரிப்பதற்குள் நீங்கள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? வரி இல்லாத ஊர் என்பதற்காக யாராவது குடித்தனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களா?

ஆனாலும் ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்று கேட்கிறேன். அந்த ஊரில் இரண்டு பொங்கல் இருந்து காட்டுங்கள். வரும் தை ஒன்று, அடுத்த தை ஒன்று. அவ்வளவுதான் என் நிபந்தனை. அதன் பிறகு நீங்கள் கூப்பிடக்கூட வேண்டாம், நானே வருகிறேன். வெற்றிலையும் அப்போதுதான்.

காளியண்ணன் வயிற்றுக்குச் சுக்கு காய்ச்சிக் கொடுங்கள்.

உங்கள்
பூவாத்தாள்

*

மருதங்கோட்டை
30-1-1947

பூவாத்தாளுக்கு,

பொங்கல் ஒன்று முடிந்தது. கணக்கில் வைத்துக்கொள்.

தை வெள்ளிக்கிழமை நம் கொட்டகைக்குத் திறப்பு விழா நடந்தது. முன்னால் 'சேலம் சென்னியப்பன் தறிக்கொட்டகை' என்று நீலத்தில் வெள்ளை எழுத்துப் போர்டு. வாழைமரம், தோரணம், நாயனம், எல்லாம் சமஸ்தானத்துச் செலவு. ராஜா வரவில்லை, ஊட்டியில் இருக்கிறார். திவானே வந்தார். பெரிய ஊரில் நான்கு தறிக்கு இந்த மரியாதை நடக்குமா சொல்.

அன்று நடந்த வேடிக்கையையும் கேள். முதல் தறியில் சேலை ஒன்று முடிகிற தறுவாயில் வைத்திருந்தோம். திவான் கத்தரியால் அதை வெட்டி எடுப்பதாக ஏற்பாடு. வெள்ளித் தட்டில் கத்தரி வைத்திருந்தது. படம் பிடிக்கிறவன் வந்து, தறிக்காரன் பக்கம் கால் மிதிக்கிற குழி இருக்கிறது, அங்கே நின்றால் திவான் முகம் படத்தில் விழாது என்று சொல்லி, அவரைத் தறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். அவர் முன்னால் சேலை ஏது? இன்னும் நெய்யாத பாவு நூல்தான் விறைப்பாக நின்றது. "இங்கேதானே வெட்டணும்?" என்று கேட்டுக்கொண்டே கத்தரியைத் திறந்தார். காளியண்ணன், "சாமி, அங்க இல்லீங்..." என்று வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற சமஸ்தானத்துச் சூப்ரண்டு அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டார். கத்தரி ஒரே போக்காகப் போயிற்று. அத்தனை இழையும் சுருண்டு பின்னால் ஓடி விழுந்தது. எட்டுச் சேலைக்கான பாவு! திவான் சிரித்தார், எல்லோரும் கை தட்டினார்கள், படமும் எடுத்தாயிற்று.

அவருக்கு இன்னும் தெரியாது. சொல்லவும் வேண்டாம் என்று சூப்ரண்டு சொன்னார். பரவாயில்லை, மற்ற மூன்று தறியும் ஓடுகின்றன. அந்தப் பாவை மட்டும் இழைக்கு இழை பிணைக்க இங்கே கை இல்லை. இந்த ஊர்ப் பெண்களுக்கு அது தெரியாது. காளியண்ணனுக்கு விரல் வாழைக்காய்போல் இருக்கிறது. பிணைப்பதற்கு உன் கையை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதற்காகவாவது ஒரு வாரம் வந்து போகலாமே.

உன்
சென்னியப்பன்

*

இளம்பிள்ளை
8-2-1947

மாமா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்களும் தட்டினீர்களா?

பாவை, இழை கோத்த அச்சோடும் விழுதோடும் கழற்றிச் சுருட்டி பஸ்ஸில் காளியண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே உட்கார்ந்து பிணைத்துக் கொடுக்கிறேன்.

பூவாத்தாள்

*

மருதங்கோட்டை
3-4-1947

பூவாத்தாளுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அதனால்தான் இத்தனை நாள்.

தட்டினேன். நான்தான் முதலில் தட்டினேன்.

பாவை அனுப்பவில்லை. கொட்டகையில் அந்தத் தறி அப்படியேதான் இருக்கிறது. அனுப்பினால் இளம்பிள்ளைக் கடைத்தெருவில், சென்னியப்பன் பாவையே வெட்டக் கொடுத்துவிட்டு நின்றான் என்று பேசுவார்கள். பேசட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

ஒரே வாசல் என்று உனக்குப் பெருமையாக எழுதினேன். அந்த வாசலில் நிற்கிறவன் முகம் கோணினால் அப்புறம் போக வேறு வாசல் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நிலம் அவர் கையால் வந்தது. நூல் அவர் கையெழுத்தில் வருகிறது. அப்படிப்பட்டவரிடம் "ஐயா, தப்பான பக்கம் நிற்கிறீர்கள்" என்று எப்படிச் சொல்வது? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய். அது எனக்குத் தெரியும். அதனால்தான் உன் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

நீ என்னை ஊர்சுற்றி என்று நினைக்கிறாய். நான் ஏன் ஒரு இடத்தில் உட்காராமல் அலைகிறேன் என்று நீ கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. உன் அப்பன் தறிகள் உள்ள வீட்டுக்கு நான் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தேன். அவர் நல்ல மனிதர், ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவர் கண்ணை மூடியும் ஊர் அதை 'முதலியார் தறி' என்றுதான் சொல்கிறது. நூல்கடைக்காரன் என்னைப் பார்த்தால், "அம்மணி அனுப்புனாங்களாங்க?" என்று கேட்பான். பெரிய ஊரில் நான் யாரோ ஒருவன். உன் ஊரில் உன் புருஷன். இங்கே இருக்கிறவர்கள் என்னைச் 'சேலத்து முதலாளி' என்கிறார்கள். பொடிக்கடைக்காரன்கூட எழுந்து நிற்கிறான். வரி இல்லை, நூல் உண்டு என்று நான் எழுதியதெல்லாம் பொய்யில்லை. ஆனால் எனக்கு வேண்டியது இதுதான். இதைக் கேட்க ஒரு சின்ன ராஜ்யம் தேவைப்பட்டது.

இத்தனையும் எழுதிவிட்டேன். சிரிக்காதே.

சென்னியப்பன்

*

இளம்பிள்ளை
20-1-1948

அன்புள்ள மாமா அவர்களுக்குப் பூவாத்தாள் எழுதுவது.

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய சேலை வந்தது. கரை நேராக இருக்கிறது. காளியண்ணன் கை தேறிவிட்டது என்று சொல்லுங்கள்.

போன பங்குனியில் வந்த உங்கள் கடிதத்துக்கு நான் அப்போது பதில் எழுதவில்லை. அதன் பிறகு அரிசி, மழை, சுதந்திரக் கொடி ஏற்றியது என்று எத்தனையோ எழுதினேன், அதைப் பற்றி மட்டும் எழுதவில்லை. நான் சிரிக்கவில்லை. அழுதேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, உங்களுக்கு அந்த வீடு முள்ளாய்க் குத்தியிருக்கிறது என்பதைத் தபாலில் தெரிந்துகொண்டேனே என்று அழுதேன். நூல்கடைக்காரனை மறுநாளே போய் ஒரு பிடி பிடித்தேன். "இனிமே அவர் வந்தா, மொதலாளி வாங்கன்னு சொல்லோணும், தெரிஞ்சுதா?" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நீங்கள் அங்கே இருக்கும்போது இங்கே சொல்லி என்ன பிரயோசனம் என்று பிறகுதான் உறைத்தது.

இரண்டு பொங்கல் கேட்டேன். இருந்து காட்டிவிட்டீர்கள். நான் நம்பவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ராசம்மாள்கூட, "அக்கா, மாமன் வேர் புடிச்சுட்டாரு போல இருக்குதுங்க" என்றாள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

தறிகளில் இருக்கும் பாவு முடிய பங்குனி ஆகும். முடிந்ததும் எல்லாவற்றையும் மணியனிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன். அந்த வெட்டுப்பட்ட பாவை யாரும் தொடாதீர்கள். எலி கடிக்காமல் துணி போட்டு மூடி வையுங்கள். வந்த மறுநாள் உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள்
பூவாத்தாள்

*

மருதங்கோட்டை
18-3-1948

பூவாத்தாளுக்கு,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். சமஸ்தானம் போய்விட்டது. சென்னை மாகாணத்தோடு சேர்த்தாகிவிட்டது. காலையில் இருந்த எல்லை சாயங்காலம் இல்லை. சாவடிக் கம்பத்தைப் பிடுங்கி ஒருவன் அடுப்புக்குக் கொண்டுபோகிறான். திவான் பங்களாவைக் காலி செய்துகொண்டு காரில் போனபோது நான் குளத்தோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நல்ல மனிதர்தான். நம் திறப்பு விழாவில் எடுத்த அந்தப் படத்தை அவர் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனார்.

நேற்று விற்பனை வரி குமாஸ்தா வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, பேர் என்ன, தறி எத்தனை என்று கேட்டான். தலை நிமிரவில்லை. இனி எந்தக் காரியத்துக்கும் திருச்சிக்குப் போக வேண்டும், அங்கே சேவகனைப் பார்க்க இன்னொரு சேவகன். சேலத்தை விட்டு எதற்காக வந்தேனோ அதுவே என் பின்னாலேயே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாளாக எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. குளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

காரைக்கால் பற்றி விசாரித்தேன். பிரெஞ்சுக்காரன் ஊர், இதைவிடச் சின்னது. நம் கவர்மெண்டு அங்கே கால் வைக்க முடியாது. லுங்கி ஏற்றுமதிக்குத் துறைமுகம் பக்கத்திலேயே. கடற்கரைத் தெரு பொன்னாத்தாள் சாப்பாட்டு விடுதியில் இடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன். தறிகளைக் காளியண்ணன் பொறுப்பில் விட்டுப் போகிறேன், நிலைத்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

நீ இப்போது வர வேண்டாம். மூட்டை கட்டியிருந்தாலும் பிரித்துவிடு. காரைக்காலில் கொட்டகை போட்டதும் எழுதுகிறேன். உனக்கு வேண்டுமானால் அங்கேயும் இரண்டு பொங்கல் இருந்து காட்டுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்
சென்னியப்பன்

*

மருதங்கோட்டை
22-4-1948

காரைக்காலில் இருக்கும் மாமா அவர்களுக்கு, மருதங்கோட்டையிலிருந்து பூவாத்தாள் எழுதுவது.

மேலே ஊர்ப்பேரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இங்கேதான் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது மூட்டை கட்டி முடித்திருந்தேன். சாவி மணியன் கையில். ராசம்மாளுக்கு அம்மிக்கல்லைக்கூடக் கொடுத்தாயிற்று. கடிதத்தைப் படித்துவிட்டு மூட்டைமேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மணியன், "அக்கா, பிரிச்சரலாங்களா?" என்று கேட்டான். சாமான் மூட்டையைப் பிரித்துவிடலாம். இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மனசைக் கட்டி வைத்தேனே, அதை எப்படிப் பிரிப்பது? எழுந்து திருச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இங்கே இறங்கியபோது நல்ல வெயில். ஒரு பூக்காரியிடம் சேலத்துக்காரர் தறிக்கொட்டகை என்றேன். அவள் கூடையை அப்படியே பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, "நீங்க சேலத்து முதலாளி சம்சாரமா?" என்று கேட்டு, என் மூட்டையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசல் வரைக்கும் வந்து விட்டாள். உங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அப்படியேதான். ராஜா போனார், திவான் போனார், வரி வந்துவிட்டது. அந்தச் சௌகரியம் மட்டும் போகவில்லை. அதற்கு ராஜ்யம் வேண்டியதில்லை போலிருக்கிறது, ஊர் சின்னதாக இருந்தால் போதும்.

வரிக் குமாஸ்தா என்னிடமும் வந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவருக்கு மோர் கொடுத்தேன். தலை நிமிர்ந்துதான் பேசினார். அவருக்கு நம் சேலம் அம்மாபேட்டையில் மாமியார் வீடாம்.

நூல் கண்ட்ரோலும் எடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் சிலரைக் கூப்பிட்டுப் பிணைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பேச்சு வேறு மாதிரி. நான் 'ஏனுங்க' என்றால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள்.

திவான் வெட்டிய பாவைத் துணி போட்டு மூடித்தான் வைத்திருந்தீர்கள். எலி கடிக்கவில்லை. அதைப் பார்த்ததும் உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பழைய இழையோடு இழை சேர்த்து முறுக்கிக்கொண்டே வந்தேன். நேற்று முடிந்தது. இன்று காளியண்ணன் தறியில் இறங்கிவிட்டான். முடிச்சு வருகிற இடத்தில் மட்டும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்கிறான்.

மாமா, நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் காரைக்காலுக்கு வர மாட்டேன். அங்கே இரண்டு பொங்கல் இருந்து காட்டவும் வேண்டாம். பிரெஞ்சுக்காரனும் ஒரு நாள் போவான், அன்றைக்கு அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடுவீர்கள். தேடித் தேடி நீங்கள் ஒருவரே நிற்கிற அளவுக்கு ராஜ்யம் சின்னதாகிவிடும். என் அப்பன் வீடு உங்களைக் குத்தியது, சரி. அதை விட்டுவிட்டேன். இங்கே யாரும் 'முதலியார் தறி' என்று சொல்வதில்லை. போர்டில் உங்கள் பேர்தான். மழையில் உரிந்த எழுத்துக்கு நேற்றுப் புதுப் பெயிண்டு அடிக்கச் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் கழித்து நானும் எல்லாப் பெண்களையும்போலப் புருஷன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். புருஷன்தான் இல்லை.

இந்த மாதம் முடிவதற்குள் அந்தத் தறியில் முதல் சேலை இறங்கும். கத்தரியை நானே எடுக்கிறேன். சரியான பக்கம் நின்று வெட்டுவேன். யாரும் கை தட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சேலம் சென்னியப்பன் தறிக்கொட்டகை
பூவாத்தாள்

பின்குறிப்பு: உங்கள் குடையை ஆணியில் மாட்டியபடியே விட்டுப் போயிருக்கிறீர்கள். கடற்கரை ஊரில் ஐப்பசி மழை வலுக்குமாம். குடையைத் தபாலில் எடுக்க மாட்டோம் என்று போஸ்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார். வேண்டுமானால் நீங்கள்தான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வேலூர் வெற்றிலையும் கொண்டு வந்தேன். தினமும் தண்ணீர் தெளித்துத்தான் வைத்திருந்தேன், வாடிவிட்டது.